கந்தகக் காவடி

என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் ஆச்சரியமாக இருக்கிறது. காப்பி வந்ததும் நான் உடனே குடிப்பதில்லை. சர்க்கரையைப் போட்டுக் கலக்கிவிட்டு, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். "ஏன் சார், சூடு அதிகமா?" என்று கேட்கிறார்கள். "நாவலுக்கு ஏதாவது கட்டம் தோன்றுகிறதோ?" என்று கேட்கிற மரியாதைக்காரர்களும் உண்டு. உண்மையான காரணம் என் மனைவிக்கு மட்டும் தெரியும். "அவருக்கு ஜாவா ஞாபகம் வந்துவிட்டது. ஆறினால் ஆறட்டும், விடுங்கள்" என்பாள்.

அந்த ஜாவா ஞாபகத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். மலை ஏறுவதில் எனக்கு ஒரு நாளும் ஆசை இருந்ததில்லை. பழனிக்குப் போனால்கூட விஞ்சில் இடம் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்கிற பேர்வழி நான். அப்படிப்பட்டவன், அறுபத்து நான்காவது வயசில், நடுராத்திரியில், கடல் கடந்து போய் ஓர் எரிமலையின்மேல் ஏறினேன் என்றால், அதற்கு என் சிநேகிதர் ஒருவர்தான் பொறுப்பு.

அவர் கும்பகோணம் காலேஜில் என்னோடு படித்தவர். ஜாவாத் தீவில் சுரபாயா நகரத்து நூலாலை ஒன்றில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்ப மனசில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். 2017-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். போன மூன்றாம் நாளே ஆரம்பித்துவிட்டார்.

"ஓய், இவ்வளவு தூரம் வந்துவிட்டு இஜென் மலையைப் பார்க்காமல் போனால், கும்பகோணத்துக்கு வந்து மகாமகக் குளத்தைப் பார்க்காமல் திரும்பின மாதிரி."

"அங்கேயும் குளம் உண்டா?"

"உண்டு. மலை உச்சியில், எரிமலையின் வாய்க்குள்ளே. ஆனால் நீர் அதில் இறங்கி ஸ்நானம் செய்ய முடியாது. செய்தால் தோல் மிஞ்சாது."

இந்த வார்த்தைக்கு அப்புறம் போகாமல் இருக்க முடியுமா?

சுரபாயாவிலிருந்து கிழக்கே போகும் ரயில், கரும்புக் கொல்லைகளுக்கும் நெல் வயல்களுக்கும் நடுவே ஆறேழு மணி நேரம் ஓடி, தீவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் பன்யுவாங்கியில் கொண்டுபோய் விடுகிறது. அதற்கு அப்பால் குறுகலான ஒரு ஜலசந்தி. அக்கரையில் பாலித் தீவு. ஜாவா பாஷையில் "பன்யு" என்றால் தண்ணீர்; "வாங்கி" என்றால் வாசனை. ஊரின் பெயருக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஸ்ரீ தஞ்சுங் என்று ஒருத்தி. அவள்மேல் ஆசைப்பட்ட அரசன் அவள் புருஷனை வெளியூருக்கு அனுப்பினான். அவள் இணங்காமற்போகவே, திரும்பி வந்த புருஷனிடம் அவள்மேலேயே பழியைச் சொன்னான். அந்த மடையன் நம்பிவிட்டான், மனைவியைக் கொன்றுவிட்டான். அவள் குற்றமற்றவள் என்பதற்குச் சாட்சியாக ஆற்று நீர் மணத்ததாம். நம் கண்ணகி கதையில் அநியாயத்துக்கு ஒரு நகரமே எரிந்தது. இந்த ஊரில் தண்ணீர் மணத்ததோடு விட்டுவிட்டது.

"வாசனைத் தண்ணீர் இந்தப் பக்கம். மலைக்கு அந்தப் பக்கம் போனால் பன்யுபாஹித் என்று ஓர் ஆறு. பாஹித் என்றால் கசப்பு" என்றார் சிநேகிதர்.

அந்தக் கசப்பு ஆறு கதையில் வருவதல்ல. இஜென் மலை என்று இன்று சொல்வது, பல்லாயிரம் வருஷங்களுக்கு முன்னால் இருந்த ஒரு மகா பெரிய எரிமலையின் மிச்சம். அந்தப் பழைய மலை இடிந்து உள்ளே விழுந்து, சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பெரிய வட்டில் மாதிரி ஆகிவிட்டது. அந்த வட்டிலின் உள்ளேயும் விளிம்பிலும் புதிய எரிமலைகள் பல முளைத்தன. அவற்றில் ஒன்றின் வாயில் நிற்கிறது அந்த ஏரி. மழைத் தண்ணீர்தான்; ஆனால் கீழேயிருந்து கந்தக வாயுவும் உப்பு அமில வாயுவும் இரவு பகலாக அதில் கரைந்துகொண்டே இருக்கின்றன. கார் பாட்டரியில் ஊற்றுகிற திராவகத்தை ஞாபகப்படுத்துகிற காரம் அந்தத் தண்ணீருக்கு. அந்த மாதிரிக் காரமான ஏரிகளில் உலகத்திலேயே பெரியது அதுதான் என்று சொல்கிறார்கள். சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம். ஏறக்குறைய 200 மீட்டர் ஆழம். கொள்ளளவு 3 கோடி கன மீட்டர்.

அத்தனை திராவகத்தைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு கீழே ஜனங்கள் குடித்தனம் நடத்துகிறார்கள். 1817-இல் மலை பொங்கி, ஏரித் தண்ணீர் சேறாகிக் கீழே இறங்கியிருக்கிறது. பிற்பாடு டச்சுக்காரர்கள் ஏரியின் மேற்கு ஓரத்தில் ஓர் அணை கட்டினார்கள். அணை தண்ணீரை நிறுத்திற்று. கசிவை நிறுத்த முடியவில்லை. பாறை இடுக்குகள் வழியாகக் கசிந்து இறங்குவதுதான் அந்தக் கசப்பு ஆறு. வழியில் மற்ற ஓடைகளோடு கலந்து, பெயரையும் மாற்றிக்கொண்டு, வடக்கே சமவெளியில் வயல்களுக்குப் பாய்கிறது. கரும்பும் நெல்லும் அதைத்தான் குடிக்கின்றன. அதில் ஃபுளோரைடும் அதிகம். அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை. தர்மபுரிப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் கறை என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஜீப்பில் கிளம்பினோம். பல்துடிங் என்ற இடம் வரைக்கும் வண்டி போகிறது. அதுவே கடல் மட்டத்துக்கு 1,850 மீட்டர் உயரம். பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி தெற்கே இருக்கிற ஊரில் பல் கிட்டிப்போகும் என்று நான் நினைக்கவே இல்லை. மஃப்ளர், ஸ்வெட்டர், அதற்கு மேலே சிநேகிதரின் மகனுடைய மழைக்கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு இறங்கினேன். அங்கிருந்து மலை விளிம்புவரை 3 கிலோமீட்டர் நடை. கிட்டத்தட்ட 500 மீட்டர் ஏற்றம். ராத்திரியில் போவதற்குக் காரணம் உண்டு. மலையின் வாய்க்குள்ளே கந்தக வாயு தீப்பற்றி நீல நிறத்தில் எரிகிறது. விடிந்துவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது.

இறங்கியதும் இருட்டிலிருந்து நாலைந்து பேர் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு வண்டி. இரும்புச் சட்டம், இரண்டு சக்கரம், உட்கார ஒரு மெத்தைத் துண்டு. மேலே போகும்போது ஒருவர் கயிறு கட்டி இழுப்பார், இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளுவார்கள். இறங்கும்போது ஒருவரே பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். கந்தகம் ஏற்றுவதற்காக வந்த வண்டி. இப்போது மூச்சு வாங்குகிற உல்லாசப் பிரயாணிகளையும் ஏற்றுகிறது.

என் முழங்காலைப் பற்றிச் சிநேகிதருக்குத் தெரியும். "ஓய், பேசாமல் ஏறி உட்காரும்" என்றார்.

நான் உட்காரவில்லை. எனக்கு ஏழு வயசில் நடந்த ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து திருவல்லிக்கேணிக்குத் தாத்தாவும் நானும் ஒரு கை ரிக்ஷாவில் போனோம். சித்திரை மாதத்து வெயில். இழுத்தவருடைய முதுகு எலும்பு ஒவ்வொன்றும் வியர்வையில் தனித்தனியாகத் தெரிந்தது. நான் அவற்றை எண்ணிக்கொண்டே போனேன். வீடு வந்ததும் தாத்தா நாலணா அதிகமாகக் கொடுத்தார். தாத்தா நல்லவர். ஆனால் அந்த முதுகு என் மனசைவிட்டுப் போகவில்லை. 1973-இல், கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாட்டில் கை ரிக்ஷாவை ஒழித்தார்கள். அப்போது நான் காலேஜ் மாணவன். இனிமேல் என் ஆயுளில் மனிதன் இழுக்கிற வண்டியில் ஏறுவதில்லை என்று அன்றைக்குச் சங்கல்பம் செய்துகொண்டேன். வண்டியே இல்லாத ஊரில் அப்படிச் சங்கல்பம் செய்துகொள்வதற்கு ஒன்றும் செலவில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

நடந்தோம். மற்ற வண்டிக்காரர்கள் வேறு ஆட்களைத் தேடிப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் காலி வண்டியை இழுத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார். ஐம்பது வயசு இருக்கும். பச்சை நிறக் கம்பளிக் குல்லாய். ஒரு தோள் இன்னொரு தோளைவிட உயர்ந்திருந்தது. நான் நின்றால் அவரும் நின்றார். நான் மூச்சு வாங்கினால் அவர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். சக்கரம் மட்டும் "கிரீச், கிரீச்" என்று இருட்டில் பேசிக்கொண்டே வந்தது.

பாதி வழியில் அவர் சிநேகிதரிடம் ஏதோ கேட்டார்.

"ஐயா ஏன் ஏற மாட்டேன் என்கிறார், கூலி அதிகமா என்று கேட்கிறார்."

"மனிதனை மனிதன் இழுக்கக் கூடாது, அதனால்தான் என்று சொல்லும்."

சிநேகிதர் சொன்னார். அந்த மனிதர் கவனமாகக் கேட்டுக்கொண்டார், தலையை ஆட்டினார். ஒன்றும் பேசவில்லை. ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டாற்போல எனக்கு ஒரு திருப்தி. அந்த ஏற்றம் முழுவதும் என் மனச்சாட்சி எனக்கு நல்ல துணையாக வந்தது. அதற்கு மட்டும் மூச்சு வாங்கவில்லை.

விளிம்பை அடைந்தபோது நாலு மணி. வண்டிகள் அதற்கு மேல் போகாது. அங்கிருந்து எரிமலையின் வாய்க்குள்ளே இறங்க வேண்டும். வாயுவுக்காக முகமூடி கொடுத்தார்கள். போட்டுக்கொண்டால் மூச்சு விட முடியவில்லை. எடுத்தால் ஆயிரம் தீக்குச்சியை மூக்கின் கீழே ஒரே சமயத்தில் கிழித்தது மாதிரி இருந்தது. பாறைமேல் உட்கார்ந்தும் எழுந்தும் முக்கால் மணி நேரம் இறங்கினேன்.

பாதையில் எதிரே ஒரு வெளிச்சம் ஆடி ஆடி ஏறி வந்தது. வழிகாட்டியாக வந்த பையன் எங்களைப் பாறையோடு ஒதுக்கி நிறுத்தினான். வெளிச்சத்துக்குக் கீழே ஒரு மனிதர். தோளில் மூங்கில் கழி. கழியின் இரண்டு முனையிலும் கூடை. கூடைகளில் மஞ்சள் பாளம் பாளமாகக் கந்தகம். மூங்கில் முனகிக்கொண்டே போயிற்று. எங்களைக் கடக்கும்போது, "பாகி, பா" என்று அவர் காலை வணக்கம் சொன்னார். எழுபது, எண்பது கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு வழிவிட்டவனுக்கு வணக்கம் சொல்கிற அந்த மரியாதை எனக்கு வராது.

பழனி மலைப் பாதையில் காவடி பார்த்தவன் நான். இடும்பன் கதையும் தெரியும். இரண்டு குன்றுகளைக் கழியின் இரண்டு பக்கமும் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான் என்பது புராணம். இங்கே இருப்பவர்களும் மலையைத்தான் தூக்குகிறார்கள். ஒரே தடவையில் அல்ல. நாளைக்கு இரண்டு நடை, எழுபது கிலோ, எண்பது கிலோவாக. இடும்பனுக்குப் பழனியில் கோவில் இருக்கிறது. இவர்களுக்கு மலையடிவாரத்தில் ஒரு தராசு இருக்கிறது. கிலோவுக்கு ஆயிரம் ரூபியாவுக்குச் சற்று மேல் என்று அந்தப் பையன் சொன்னான். கேட்பதற்கு ஆயிரம், நம் ஊர்க் கணக்கில் ஐந்து ரூபாய்.

கீழே போனதும் நீலத் தீயைக் கண்டேன். பாறை வெடிப்புகளிலிருந்து பீறிட்டுக்கொண்டு வருகிற சூடான வாயு காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்கிறது. ஆள் உயரத்துக்கும் மேலே எழும்புகிறது. சில இடத்தில் திரவமாகிவிட்ட கந்தகத்தின்மேல் தீ ஓடி, பாறைச் சரிவில் நீல நிறத்தில் ஓர் ஓடை இறங்குவதுபோலத் தோன்றுகிறது. அழகுதான். வார்த்தை தேடிக்கொண்டு நின்றேன். அப்போது காற்று திரும்பியது. புகை எங்களை மூடிக்கொண்டது. கண்ணும் மூக்கும் தொண்டையும் ஒன்றாக எரிந்தன. சிநேகிதர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன்: நாங்கள் ஓடிவந்த அதே புகைக்குள்ளே, ஓர் ஆள், வாயில் ஈரத் துணியைக் கடித்துக்கொண்டு, கடப்பாரையால் கந்தகத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் நீளமான குழாய்கள் பதித்திருக்கிறார்கள். வாயு அவற்றின் வழியாக வரும்போது ஆறி, திரவமாகி, குழாயின் முனையில் சொட்டுகிறது. சொட்டும்போது நல்ல சிவப்பு, ஆற ஆற ஆரஞ்சு, இறுகினால் மஞ்சள். நம் வீட்டுத் தாம்பாளத்தில் மைசூர்பாகு இறுகுவது மாதிரி இறுகுகிறது. அதை உடைத்துக் கூடையில் போட்டுத் தூக்குகிறார்கள். உலகத்தில் இன்று விற்பனையாகும் கந்தகத்தில் பெரும் பகுதி, பெட்ரோலையும் எரிவாயுவையும் சுத்தப்படுத்தும் ஆலைகளில் உப பண்டமாகக் கிடைப்பது. மனிதன் எரிமலைக்குள்ளே இறங்கித் தோளில் தூக்கிக்கொண்டு வர வேண்டிய அவசியம் உலகத்துக்கு இல்லை. அந்த மனிதர்களுக்குத்தான் இருந்தது.

விடிந்தது. நீலத் தீ மறைந்தது. அதுவரை இருட்டாக மட்டும் இருந்த இடத்தில் ஏரி இருந்தது.

அதன் நிறத்தைச் சொல்லப் பார்க்கிறேன். மயில் கழுத்துப் பட்டில் பாலைக் கொஞ்சம் ஊற்றினால் வருகிற நிறம். அலை இல்லை. கரையில் ஒரு புல் இல்லை. தண்ணீர் குடிக்க ஒரு காகம் வரவில்லை. மேலே ஆவி படர்ந்துகொண்டிருந்தது. எந்த நீர்நிலையைக் கண்டாலும் கையை அலம்பிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கம் நமக்கு. என் கை தானாக நீண்டது. வழிகாட்டிப் பையன் பதறிப்போய்த் தடுத்தான். தொடக் கூடாத தண்ணீரை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

1805-இல் லெஷனோ த லா தூர் என்ற பிரெஞ்சுத் தாவர சாஸ்திரி இந்த ஏரியை வந்து பார்த்தார். மலைக்குள்ளே ஒரு திராவக ஏரி இருக்கிறது என்று ஐரோப்பாவுக்கு எழுதிச் சொன்னவர் அவர். அதே மனிதர் பிற்பாடு, 1816-இல், நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். தென்னிந்தியாவெல்லாம் செடி கொடி சேகரித்தார். ரெயூனியன் தீவில் பயிரிடுவதற்கென்று அவர் அனுப்பிவைத்த நாற்றுகளிலும் விதைகளிலும் இரண்டு ஜாதிக் கரும்பும் இருந்தது. எரிமலைக் கந்தகத்தையும் கரும்பையும் ஒரே ஆயுளில் கண்ட அந்த மனிதருக்கு, பின்னால் ஒரு காலத்தில் இரண்டும் ஒரே ஆலையில் சந்திக்கும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தச் சந்திப்புக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

திரும்பி ஏறும்போது என் முழங்கால் மக்கர் செய்துவிட்டது. விளிம்புக்கு வந்து சேர்ந்ததே தெய்வாதீனம். ஒரு பாறையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால், பத்தடி தூரத்தில் அந்தப் பச்சைக் குல்லாய். மூன்று மணி நேரமாக வண்டியோடு குளிரில் காத்துக்கொண்டிருந்தார். என் முழங்காலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருந்தது.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. பையிலிருந்து ஐம்பதாயிரம் ரூபியா நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினேன். "வண்டி வேண்டாம், இதை வைத்துக்கொள்ளச் சொல்லும்" என்றேன்.

அவர் வாங்கவில்லை. கோபமும் இல்லை. "வேலை செய்யாமல் எதற்கு?" என்று கேட்டார். அப்புறம் நிதானமாகப் பேசினார். சிநேகிதர் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"பதினெட்டு வருஷம் தோளில் கந்தகம் சுமந்தேன். ஐயா எத்தனை கிலோ இருப்பார்?"

"எழுபத்திரண்டு."

அவர் சிரித்தார். "அப்படியானால் சரியாக ஒரு சுமை. ஒரு சுமை கந்தகத்துக்கு எனக்குக் கிடைப்பது எழுபது, எண்பது ஆயிரம். ஐயாவைக் கீழே கொண்டுபோய் விட்டால் இரண்டு லட்சம். கந்தகத்தைத் தோளில் வைக்க வேண்டும். ஐயாவைச் சக்கரத்தில் வைக்கலாம். இதில் எது தப்பு என்று கேட்டுச் சொல்லுங்கள்."

நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்.

"ராத்திரி ஐயா சொன்னது நல்ல வார்த்தைதான். ஆனால் ஏறும்போதே உட்கார்ந்திருந்தால், தள்ளுவதற்கு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டிருப்பேன். அவர்களுக்கும் இன்றைக்குக் கூலி கிடைத்திருக்கும்."

ஏறி உட்கார்ந்தேன்.

அந்த மூன்று கிலோமீட்டரும் அவருடைய முதுகுதான் என் முன்னால் இருந்தது. குதிகாலை ஊன்றி, பின்னுக்குச் சாய்ந்து, வண்டி ஓடிவிடாமல் தாங்கிக்கொண்டே இறங்கினார். திருப்பங்களில் அவருடைய பழைய சகாக்கள் கூடையோடு நின்று கேலி செய்தார்கள். "என்னவாம்?" என்று சிநேகிதரைக் கேட்டேன். "இந்தக் கந்தகம் கண்ணாடி போட்டிருக்கிறதே என்கிறார்கள்" என்றார். எல்லாரும் சிரித்தோம். தாங்கள் சாகப் பிழைக்க உழைக்கிற இடத்தில் இன்னொருவன் வந்து சோகமாக முகத்தை வைத்துக்கொண்டிருப்பது அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

மனிதனை மனிதன் இழுப்பது சரி என்று நான் இப்போது சொல்லவில்லை. சரியல்ல என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் 1973-ஐ நான் அரைகுறையாகத்தான் ஞாபகம் வைத்திருந்தேன். அந்த வருஷம் கை ரிக்ஷாவை மட்டும் ஒழிக்கவில்லை. இழுத்தவர்கள் கையில் சைக்கிள் ரிக்ஷாவைக் கொடுத்தார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றைக் கொடுத்ததால்தான் அது தர்மமாயிற்று. பல்துடிங் அடிவாரத்தில் நான் எடுத்துக்கொள்ள மட்டும் செய்தேன். மூன்று பேருடைய கூலியை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு நல்ல வார்த்தை கொடுத்தேன். தாத்தாவாவது நாலணா கொடுத்தார்.

அடிவாரத்துக் கடையில் காப்பி வாங்கிக் கொடுத்தேன். அதை அவர் மறுக்கவில்லை. அந்தப் பழைய எரிமலையின் வட்டிலுக்குள்ளேயே விளைந்த காப்பிக் கொட்டை. டச்சுக்காரர் காலத்துத் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. பால் கிடையாது, பொடியை டம்ளரிலேயே போட்டு வெந்நீர் ஊற்றிக் கொடுக்கிறார்கள். அவர் தம் காப்பியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டார். நானும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டேன்.

"இந்தக் கந்தகமெல்லாம் எங்கே போகிறது?" என்று கேட்டேன்.

அவர் சர்க்கரைக் கிண்ணத்தைக் காட்டினார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் சிநேகிதர் விளக்கினார். கரும்புச் சாறு இயற்கையில் அழுக்கு நிறம். அதில் சுண்ணாம்பு சேர்த்து, கந்தகத்தை எரித்து வருகிற புகையைச் செலுத்தினால் கசடு பிரியும், சாறு வெளுக்கும். இந்த மலையிலிருந்து போகிற கந்தகத்தில் ஒரு பங்கு ஜாவாவின் சர்க்கரை ஆலைகளுக்குத்தான் போகிறது. நம் நாட்டிலும் பெரும்பாலான ஆலைகளில் இதே முறைதான். ஆனால் நம் கந்தகம் பெரும்பாலும் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வருவது.  சர்க்கரை வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் நாம். உப்பை மாதிரி, பல்லை மாதிரி வெள்ளையாக! அதற்காக ஒரு மனிதர் தோளில் எலும்பு புடைக்க, மலையின் வாய்க்குள் இறங்கி ஏறுகிறார்.

காப்பியைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பேசினபடி இரண்டு லட்சம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டார். வீடு எங்கே என்று கேட்டேன். மலைக்கு மேற்குப் பக்கம், கசப்பு ஆற்றுப் பக்கத்துக் கிராமம் என்று கையைக் காட்டினார். கும்பிட்டேன். அவர் தம் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஜீப் கிளம்பிவிட்டது.

அதற்கு ஏழு மாதம் கழித்து, 2018-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், பத்திரிகையில் ஒரு சிறிய செய்தி. இஜென் ஏரியிலிருந்து விஷ வாயு வெளிப்பட்டு மலைப் பக்கத்துக் கிராமத்துக்குள் இறங்கிவிட்டது, இருபது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில், மற்றவர்களை அப்புறப்படுத்தியிருக்கிறார்கள், மலைப் பாதையை மூடிவிட்டார்கள்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுரபாயாவுக்கு டெலிபோன் செய்தேன்.

"ஓய், அந்த மனிதர் கிராமம் அந்தப் பக்கம்தானே? என்ன ஆயிற்று என்று விசாரித்துச் சொல்ல முடியுமா?"

"தாராளமாக விசாரிக்கலாம். அவர் பெயர் என்ன?" என்றார் சிநேகிதர்.

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கேட்கவே இல்லை. அவர் என் எடையைக் கேட்டார்; நான் அவர் கூலியைக் கேட்டேன். அவர் எத்தனை வருஷம் சுமந்தார் என்று தெரியும். எந்தத் தோள் உயரம் என்று தெரியும். காப்பிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்றுகூடத் தெரியும்.

"பச்சைக் குல்லாய்..." என்று இழுத்தேன்.

"அந்த மலையில் குல்லாய் இல்லாத மனிதன் உண்டா?" என்றார் சிநேகிதர். இருந்தாலும் மலைப்பாதை மறுபடி திறந்த பிறகு, எனக்காக ஒரு நடை போய்வந்தார். உயர்ந்த தோள் உள்ள மனிதர் என்று விசாரித்தாராம். அப்படி இருபது பேரைக் காட்டினார்களாம். யாரும் அவரில்லை.

2023-இல் யுனெஸ்கோ இஜென் மலைப் பிரதேசத்தை உலகப் புவிப் பூங்காக்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது என்று படித்தேன். சந்தோஷம். இன்னும் நிறையப் பேர் போவார்கள். போகிற வாசகர்களுக்கு என் அநுபவத்தில் ஒரு யோசனை சொல்கிறேன். நீலத் தீயைப் பாருங்கள், ஏரியையும் பாருங்கள், தண்ணீரில் கையை வைக்காதீர்கள். முழங்கால் வலித்தால் கௌரவம் பார்க்காமல் வண்டியில் ஏறி, கேட்ட கூலியைக் கொடுங்கள். ஏறுவதற்கு முன்னால் இழுக்கிறவரின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பச்சைக் குல்லாய், ஒரு தோள் உயரம், பதினெட்டு வருஷம் கந்தகம் சுமந்தவர், காப்பிக்கு மூன்று கரண்டி சர்க்கரை. இப்படி ஒருவரைக் கண்டால், 2017-இல் கண்ணாடி போட்ட ஒரு சுமையைக் கீழே இறக்கினது ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால், எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.